எஃகு – கான்கிரீட் கூட்டு உத்திரங்களில் வெட்டுவிசை இணைப்பான்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டமைப்புப் பொறியியல் படிக்கும் மாணவர்களும் பணியிடத்தில் நிற்கும் இளம் பொறியாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கணக்குகளுக்கு, கூட்டுக் கட்டமைப்புகளுக்கான ஐரோப்பிய விதிநூலான யூரோகோடு 4-ஐப் பின்பற்றியிருக்கிறேன். மற்ற நாடுகளின் விதிநூல்களில் எண்கள் சற்று மாறும். உத்திரம் நடந்துகொள்ளும் விதம் எங்கும் ஒன்றுதான்.

கான்கிரீட் தளம் எஃகு உத்திரத்தின் மேல்தானே கிடக்கிறது? இணைப்பான் எதற்கு?

ஒரே அளவுள்ள இரண்டு மரப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரு முனைகளிலும் தாங்கி, நடுவில் அழுத்துங்கள். முனைகளைக் கவனித்தால் மேல் பலகை கீழ்ப் பலகையைத் தாண்டிச் சற்றே வெளியே நீண்டிருக்கும். மேல் பலகையின் அடிப்பக்கம் நீள்கிறது, கீழ்ப் பலகையின் மேல்பக்கம் சுருங்குகிறது. இரண்டும் சந்திக்கும் பரப்பில் வழுக்கல் நடக்கிறது. இப்போது அந்த வழுக்கலை முழுவதுமாகத் தடுத்து இரண்டையும் ஒரே பலகையாக்கிவிட்டால், அதே சுமைக்குத் தகைவு (ஓரலகுப் பரப்பில் எழும் விசை) பாதியாகவும் தொய்வு நான்கில் ஒரு பங்காகவும் குறைந்துவிடும். பொருள் ஒரு கிராம்கூடக் கூடவில்லை.

கூட்டு உத்திரத்தில் நடப்பதும் இதுதான். மேலே கான்கிரீட், கீழே எஃகு. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், எஃகு இழுவையைத் தாங்கும். ஆனால் இரண்டும் தத்தம் வழியில் தனித்தனியாக வளைந்தால், கான்கிரீட் தளம் உத்திரத்துக்கு வெறும் பாரம். சந்திப்பில் எழும் கிடைமட்ட விசையை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசேர்க்கும் உறுப்பே வெட்டுவிசை இணைப்பான். எஃகு உத்திரத்தின் மேலும் கீழும் உள்ள கிடைத்தட்டுக்கு ஃபிளாஞ்ச் என்று பெயர். இன்று பெரும்பாலும் இணைப்பான் என்பது மேல் ஃபிளாஞ்சின் மீது வெல்டிங் செய்யப்பட்ட, தலையுள்ள ஸ்டட், அதாவது ஒரு குட்டையான எஃகுத் தண்டு.

கான்கிரீட் எஃகோடு தானாகவே ஒட்டிக்கொள்ளாதா?

ஒட்டும். நன்றாகவே ஒட்டும். முதல் சில சுமையேற்றங்களில் ஸ்டட்டுகளுக்கு வேலையே இருக்காது. ஆனால் அந்த ஒட்டு எச்சரிக்கை எதுவும் தராமல் ஒரே நொடியில் விடும். கான்கிரீட்டின் சுருக்கமோ, அதிர்வோ, ஃபிளாஞ்சில் படிந்த தூசியோ போதும். விட்ட பிறகு அது திரும்பி வராது. அதனால்தான் தட்டையான ஃபிளாஞ்சின் மேல் அமர்ந்த தளத்துக்கு விதிநூல்கள் இந்த ஒட்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை. விட்டுவிட்டால் மீளாத ஒன்றை நம்பி மனிதர்களின் தலைக்கு மேல் தளம் அமைக்கக் கூடாது என்பதே என் கருத்தும்.

ஒரு ஸ்டட் விசையை எப்படித் தாங்குகிறது?

ஸ்டட்டின் தண்டு முழுவதும் ஒரே சீராக விசை பரவுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சோதனை முடிந்த மாதிரியை உடைத்துப் பார்த்தால் உண்மை தெரியும். வெல்டிங்கின்போது ஸ்டட்டின் அடியைச் சுற்றி உருகி உறைந்த ஒரு வளையம் இருக்கும். அந்த வளையத்துக்கு எதிரே, விசை தள்ளிய பக்கத்தில், கான்கிரீட் மாவுபோலப் பொடிந்து, ஒரு கையளவுகூட இல்லாத சிறு குழியாகியிருக்கும். அதற்கு மேலே தண்டு வளைந்து, இன்னும் மேலே போகப் போக நிமிர்ந்து, தலையருகே கான்கிரீட் கீறல் இல்லாமல் பளிச்சென்று இருக்கும். உடைந்த ஸ்டட்டாக இருந்தால் முறிவு பெரும்பாலும் அந்த வளையத்துக்குச் சற்று மேலே தண்டில் இருக்கும்.

கதை இப்படிப் போகிறது. முதலில் விசையின் பெரும்பகுதியை அடிவளையமே கான்கிரீட்டின் மீது செலுத்துகிறது. அங்கே கான்கிரீட் பொடியத் தொடங்கியதும் விசை மேலேறித் தண்டுக்குப் போகிறது, தண்டு வளைகிறது. வளைந்த தண்டு மேலெழப் பார்க்கிறது, தலை அதைக் கான்கிரீட்டுக்குள் பிடித்து நிறுத்துகிறது. இப்போது தண்டில் இழுவையும் சேர்ந்துவிட்டது. கடைசியில் வெட்டும் இழுவையும் கலந்து தண்டு முறிகிறது, அல்லது கான்கிரீட் வலுவற்றதாக இருந்தால் அதுவே முதலில் தோற்கிறது.

அப்படியானால் தலை எதற்கு? வெறும் கம்பித் துண்டு போதாதா?

போதாது. மேலே சொன்னபடி தலை இல்லாவிட்டால் வளைந்த தண்டு கான்கிரீட்டிலிருந்து உருவிக்கொள்ளும். இன்னொரு காரணமும் உண்டு: கான்கிரீட்டும் எஃகும் வளையும் அளவு எல்லா இடத்திலும் ஒத்துப்போகாது. சில இடங்களில் தளம் உத்திரத்தைவிட்டு மேலெழப் பார்க்கும். அதைக் கீழே பிடித்துவைப்பதும் தலையின் வேலைதான். தலையின் விட்டம் தண்டின் விட்டத்தைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு, தடிமன் 0.4 மடங்கு இருக்க வேண்டும். தலையின் அடிப்பரப்பு, தளத்தின் அடிக்கம்பிகளுக்கு மேலே குறைந்தது 30 மி.மீ. உயர்ந்திருக்க வேண்டும் என்ற விதியும் இதையொட்டியதே. கம்பிகளுக்குக் கீழே தலை ஒளிந்துகொண்டால் அது பிடிப்பதற்கு எதுவும் இல்லை.

ஒரு ஸ்டட் எவ்வளவு தாங்கும்?

கட்டடங்களில் மிகுதியாகப் பயன்படுவது 19 மி.மீ. விட்டமும் 100 மி.மீ. அளவு உயரமும் கொண்ட ஸ்டட். பாலங்களில் 22 மி.மீ. விட்டம் சாதாரணம். தாங்குதிறனை இரண்டு வழியில் கணக்கிட்டு, சிறியதை எடுத்துக்கொள்கிறோம்.

முதல் வழி எஃகு முறிவு: தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பையும் எஃகின் இழுவை வலிமையையும் பெருக்கி, அதில் 0.8 பங்கு. 19 மி.மீ. தண்டின் பரப்பு 283.5 சதுர மி.மீ.; எஃகின் வலிமை சதுர மி.மீட்டருக்கு 450 நியூட்டன். பாதுகாப்புக் காரணி 1.25-ஆல் வகுத்தால் சுமார் 81.7 கிலோநியூட்டன்.

இரண்டாவது வழி கான்கிரீட்டின் தோல்வி: 0.29-ஐத் தண்டு விட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அதைக் கான்கிரீட்டின் வலிமை, மீட்சிக் குணகம் (விறைப்பின் அளவு) ஆகிய இரண்டின் பெருக்கற்பலனின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். உருளைக் கட்டியின் வலிமை சதுர மி.மீட்டருக்கு 25 நியூட்டன் உள்ள கான்கிரீட்டுக்கு, இதையும் 1.25-ஆல் வகுத்தால் சுமார் 73.7 கிலோநியூட்டன், 30 நியூட்டன் கான்கிரீட்டுக்குச் சுமார் 83.3.

இந்த மூன்று எண்களிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 25-லிருந்து 30-க்குப் போனால் ஸ்டட்டின் திறன் கூடும். ஆனால் 30-ஐத் தாண்டி எவ்வளவு உயர்ந்த கான்கிரீட்டை ஊற்றினாலும் 81.7-க்கு மேல் போகாது; அங்கே எஃகுதான் எல்லை. கான்கிரீட்டின் தரத்தை உயர்த்தி ஸ்டட்டுகளைக் குறைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

கான்கிரீட் வழிக்கான சமன்பாட்டின் வேர் 1971-ல் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் ஆல்கார்ட், ஸ்லட்டர், ஃபிஷர் ஆகியோர் வெளியிட்ட சோதனைகளில் இருக்கிறது. வலிமை மட்டுமின்றி மீட்சிக் குணகமும் சேர வேண்டும் என்று காட்டியது அவர்களின் பங்களிப்பு. இலகு கான்கிரீட்டில் மீட்சிக் குணகம் குறைவு. வலிமை சமமாக இருந்தாலும் ஸ்டட்டின் திறன் குறைவது அதனால்தான்.

இங்கே ஒரு நிபந்தனை. ஸ்டட்டின் உயரம் விட்டத்தைப்போல் நான்கு மடங்குக்கு மேல் இருந்தால்தான் இந்தக் கான்கிரீட் வழி எண் முழுமையாகக் கிடைக்கும். மூன்று மடங்குக்கும் நான்கு மடங்குக்கும் இடையில் குறைக்க வேண்டும். மூன்றுக்குக் கீழே அனுமதியே இல்லை.

ஒரு உத்திரத்துக்கு எத்தனை ஸ்டட் தேவை?

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். 10 மீட்டர் ஸ்பேன் (தாங்கல்களுக்கு இடையேயான தூரம்) கொண்ட, இரு முனைகளிலும் எளிதாகத் தாங்கப்பட்ட உத்திரம். அடுத்தடுத்த உத்திரங்களுக்கு இடையே 3 மீட்டர். எஃகு ஐபிஇ 400 (400 மி.மீ. உயரமுள்ள ‘ஐ’ வடிவ உத்திரம்), இளகு தகைவு, அதாவது எஃகு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு, சதுர மி.மீட்டருக்கு 355 நியூட்டன். மேலே 130 மி.மீ. கெட்டித் தளம், 30 நியூட்டன் கான்கிரீட்.

எஃகு முழுவதும் இளகினால் எழும் இழுவை: 8,446 சதுர மி.மீ. பரப்பை 355-ஆல் பெருக்கினால் சுமார் 2,998 கிலோநியூட்டன். கான்கிரீட்டின் பயனுறு அகலம் ஸ்பேனில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 2.5 மீட்டர். அது தரக்கூடிய அழுத்தம் சுமார் 5,525 கிலோநியூட்டன். இரண்டில் சிறியது 2,998. நடு ஸ்பேனில் இந்த விசை கான்கிரீட்டில் இருக்க வேண்டும். தாங்கல் முனையில் பூச்சியம். இடைப்பட்ட 5 மீட்டர் நீளத்தில் இருக்கும் ஸ்டட்டுகள்தான் அவ்வளவையும் கடத்தியாக வேண்டும். 2,998-ஐ 81.7-ஆல் வகுத்தால் 36.7. ஆக, பாதி ஸ்பேனுக்கு 37, முழு உத்திரத்துக்கு 74 ஸ்டட்.

இதனால் கிடைக்கும் பயன் என்ன? வெறும் எஃகு உத்திரத்தின் வளைவுத் திருப்புத்திறன் எல்லை (வளைவை எதிர்க்கும் உச்சத் திறன்) சுமார் 464 கிலோநியூட்டன் மீட்டர். கூட்டு உத்திரமாக்கினால் சுமார் 884. ஏறக்குறைய இரட்டிப்பு.

74-க்குக் குறைவாக வைக்கலாமா?

வைக்கலாம். பெரும்பாலான கட்டட உத்திரங்களில் அப்படித்தான் வைக்கிறார்கள். இதற்குப் பகுதி இணைப்பு என்று பெயர். மேலே உள்ள உத்திரத்துக்கு, யூரோகோடு 4 கேட்கும் குறைந்தபட்ச இணைப்பு விகிதம் (முழு இணைப்புக்குத் தேவையானதில் எத்தனை பங்கு என்பது) 0.55. அதாவது பாதி ஸ்பேனுக்கு 21 ஸ்டட் போதும், முழு உத்திரத்துக்கு 42. திருப்புத்திறன் எல்லை சுமார் 700-ஆகக் குறையும். ஸ்டட்டுகளில் நாற்பது சதவீதத்துக்கு மேல் குறைத்தாலும் வலிமையில் இழப்பது ஐந்தில் ஒரு பங்குதான். அதுவும் நேர்கோட்டு மதிப்பீட்டில். உண்மையான வளைகோடு இதைவிடச் சாதகமானது.

ஆனால் ஸ்பேன் கூடக் கூட இந்தச் சலுகை குறையும். இதே எஃகுக்கு 20 மீட்டர் ஸ்பேனில் குறைந்தபட்ச விகிதம் 0.85, 25 மீட்டரில் முழு இணைப்பு. காரணம் எளியது: நீண்ட உத்திரத்தில் முனையருகே வழுக்கல் அதிகம். ஸ்டட்டுகள் குறைவாக இருந்தால் அந்த முனை ஸ்டட்டுகள் தாங்கக்கூடிய அளவைத் தாண்டி இழுபட்டு, மற்றவை தங்கள் பங்கை எடுக்கும் முன்னரே முறிந்துவிடும். தொய்வும் கவனிக்க வேண்டியது. இணைப்பு குறைந்தால் வலிமைக்கு முன்பே தொய்வு பிரச்சினையாகிவிடும்.

தாங்கல் அருகில் வெட்டுவிசை அதிகம். பிறகு ஏன் ஸ்டட்டுகளைச் சம இடைவெளியில் வைக்கிறார்கள்?

இந்தக் கேள்வியில்தான் இந்தத் துறையின் உயிர் இருக்கிறது. சீரான சுமைக்கு, மீட்சி நிலையில் சந்திப்பு விசை தாங்கல் அருகே உச்சமாகவும் நடுவில் பூச்சியமாகவும் இருக்கும். அப்படிப் பார்த்தால் முனையில் நெருக்கமாகவும் நடுவில் அகலமாகவும் வைக்க வேண்டும். ஆனால் ஸ்டட் ஒன்று தன் உச்ச விசையை எட்டிய பிறகு உடனே முறிவதில்லை. ஏறக்குறைய அதே விசையைத் தாங்கிக்கொண்டே பல மில்லிமீட்டர் வளைந்து கொடுக்கிறது. முனை ஸ்டட்டுகள் தங்கள் எல்லையை அடைந்து வளையத் தொடங்கியதும், கூடுதல் விசை உள்ளே இருக்கும் ஸ்டட்டுகளுக்கு நகர்கிறது. கடைசியில் எல்லா ஸ்டட்டுகளும் ஏறத்தாழச் சம பங்கு சுமக்கின்றன.

இதற்கு ஸ்டட்டிடம் கேட்கப்படும் தகுதி, குறைந்தது 6 மி.மீ. வழுக்கலைத் தாங்கும் திறன். 6 மி.மீ. என்பது சின்ன எண்ணாகத் தோன்றலாம். ஆனால் இணைப்பான் வடிவமைப்பில் எனக்கு மிக முக்கியமான எண் அதுதான், 81.7 கூட இரண்டாமிடம்தான். வலிமை குறைந்தால் இன்னும் நான்கு ஸ்டட் கூட்டலாம். வளைந்து கொடுக்கும் குணம் இல்லாவிட்டால் எத்தனை கூட்டினாலும் முனையிலிருந்து ஒவ்வொன்றாக அவிழும்.

சம இடைவெளி எல்லா இடத்துக்கும் பொருந்தாது. உத்திரத்தின் நடுவே பெரிய ஒற்றைச் சுமை இருந்தால், அந்தச் சுமைப் புள்ளியில் தேவைப்படும் விசையைத் தனியாகச் சரிபார்த்து, அதற்கேற்பப் பிரிக்க வேண்டும்.

இந்தத் திறனையும் வழுக்கலையும் எப்படி அளக்கிறார்கள்?

தள்ளு சோதனையில். ஒரு குட்டையான எஃகு உத்திரத் துண்டை நிமிர்த்தி நிறுத்தி, அதன் இரண்டு ஃபிளாஞ்சுகளிலும் ஸ்டட் வைத்து, இருபுறமும் கான்கிரீட் பலகைகளை வார்க்கிறார்கள். பிறகு பலகைகள் தரையில் நிற்க, எஃகை மேலிருந்து அழுத்துகிறார்கள். முதலில் எதிர்பார்க்கும் முறிவுச் சுமையில் 40 சதவீதம் வரை ஏற்றி, 5-க்கும் 40-க்கும் இடையே 25 முறை ஏற்றி இறக்குவார்கள். ஒட்டும் உராய்வும் தரும் பொய்யான பலத்தை நீக்கிவிடத்தான் இது. அதன் பிறகே முறியும்வரை மெதுவாகத் தள்ளுவார்கள். அந்த ஏற்றம் 15 நிமிடத்துக்குள் முடிந்துவிடக் கூடாது.

டெக் தகட்டின் மேல் கான்கிரீட் ஊற்றும்போது என்ன மாறுகிறது?

நிறைய மாறுகிறது. டெக் தகடு என்பது கான்கிரீட்டை அடியில் தாங்கும், மடிப்புள்ள மெல்லிய எஃகுத் தகடு. அது உத்திரத்துக்குக் குறுக்காக ஓடும்போது, ஸ்டட் நிற்பது ஒரு பள்ளத்துக்குள். அதைச் சுற்றிக் கெட்டித் தளம் இல்லை; ஒரு குறுகிய கான்கிரீட் விலா மட்டுமே. ஸ்டட் தள்ளும்போது அந்த விலாவே பெயர்ந்துவிடலாம். அதனால் திறனைக் குறைக்கும் காரணி வருகிறது.

60 மி.மீ. ஆழமும் சராசரி 150 மி.மீ. அகலமும் கொண்ட பள்ளம், 1 மி.மீ.க்கு மிகாத தகடு, வெல்டிங்குக்குப் பின் 100 மி.மீ. உயரமுள்ள ஸ்டட் என்று வைத்துக்கொள்வோம். பள்ளத்துக்கு ஒன்று வைத்தால் காரணி 0.85, இரண்டு வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 0.70. இரண்டு ஸ்டட் சேர்ந்து 1.7 ஸ்டட்டின் வேலையைச் செய்யும் என்று எதிர்பார்த்தால் 1.4 தான் கிடைக்கும்.

இன்னொரு கட்டுப்பாடு: ஸ்டட்டை நினைத்த இடத்தில் வைக்க முடியாது, பள்ளத்தில் மட்டுமே வைக்கலாம். 300 மி.மீ.க்கு ஒரு பள்ளம் என்றால் நம் உத்திரத்தின் பாதி ஸ்பேனில் 16 பள்ளங்கள். ஒவ்வொன்று வைத்தால் இணைப்பு விகிதம் சுமார் 0.37, தேவையான 0.55-ஐ எட்டாது. இரண்டிரண்டாக வைத்தால் 0.6-ஐத் தாண்டும். டெக் தகடு தேர்ந்தெடுத்த பிறகு ஸ்டட் கணக்குப் போடுவது எவ்வளவு ஆபத்தான வரிசை என்பதற்கு இதுவே சான்று. இரண்டையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்.

சில நவீன டெக் வடிவங்களுக்கு இந்தக் குறைப்புக் காரணி அளவுக்கு மீறித் தாராளமாக இருப்பதாகப் பிற்காலச் சோதனைகள் காட்டியுள்ளன. தகடு தயாரிப்பாளரிடம் அந்தத் தகட்டுக்கே உரிய சோதனை முடிவைக் கேட்டு வாங்குவது நல்லது.

பள்ளத்தின் நடுவில் மடிப்பு இருந்தால் ஸ்டட்டை எந்தப் பக்கம் வைப்பது?

அருகில் உள்ள தாங்கலை நோக்கிய பக்கம். காரணத்தைப் புரிந்துகொண்டால் மறக்காது. தளம் முனையை நோக்கி வழுக்கப் பார்க்கிறது. ஸ்டட் அதை எதிர்த்து நடு ஸ்பேன் பக்கம் தள்ளுகிறது. ஆகவே ஸ்டட்டுக்கும் விலாவின் சுவருக்கும் இடையே, நடு ஸ்பேன் பக்கத்தில், கான்கிரீட் அதிகம் இருக்க வேண்டும். தவறான பக்கத்தில் வைத்தால் முன்னால் மெல்லிய கான்கிரீட் மட்டுமே மிஞ்சும், விலா எளிதில் பெயரும். உத்திரத்தின் நடுவைக் கடந்ததும் பக்கம் மாறும் என்பதை வெல்டருக்குச் சொல்லாமல் விட்டால் பாதி உத்திரம் பலவீனமாகிவிடும். வரைபடத்தில் அம்புக்குறி போட்டுக் கொடுங்கள்.

ஸ்டட்டை எப்படி வெல்டிங் செய்கிறார்கள்?

ஸ்டட் துப்பாக்கியால். இந்த முறை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கப்பல்களில் மரத்தளம் பொருத்துவதற்காகப் பெருகியது. 1950-களின் நடுவில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் வீஸ்ட் செய்த சோதனைகள் அதைக் கூட்டு உத்திரங்களுக்குக் கொண்டுவந்தன.

ஸ்டட்டின் நுனியில் சிறு அலுமினியக் குண்டு இருக்கும். அதைச் சுற்றிப் பீங்கான் வளையம் ஒன்றை வைத்து, துப்பாக்கியை ஃபிளாஞ்சின் மீது நட்டமாக அழுத்துவார்கள். விசையை இழுத்ததும் துப்பாக்கி ஸ்டட்டைச் சிறிதே மேலே தூக்கும், மின்வில் பாயும், இரண்டு பரப்பும் உருகும், உடனே ஸ்டட் உருகிய குளத்துக்குள் அழுந்தும். 19 மி.மீ. ஸ்டட்டுக்குச் சுமார் 1,500 ஆம்பியர். நேரம் ஒரு விநாடி அளவு. ஸ்டட் சுமார் 5 மி.மீ. குட்டையாகும், அதனால்தான் 105 வாங்கி 100 கிடைக்கிறது. பிறகு பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு அடிவளையத்தைப் பார்க்க வேண்டும்.

அந்த ஒரு விநாடியைக் கெடுப்பவை பல. ஃபிளாஞ்சில் பெயின்ட், ஈரமான பீங்கான், டெக் தகட்டுக்கும் ஃபிளாஞ்சுக்கும் இடையே தேங்கிய மழைநீர், தகடு ஃபிளாஞ்சோடு ஒட்டாமல் தூக்கி நிற்பது, நீண்ட கேபிளில் மின்னழுத்தம் குறைவது. உத்திரத்தின் மேல் ஃபிளாஞ்சுக்குப் பெயின்ட் அடிக்கக் கூடாது என்று பட்டறைக்கு முன்கூட்டியே எழுதிக்கொடுப்பது, பணியிடத்தில் சுரண்டிக்கொண்டிருப்பதைவிட எவ்வளவோ மேல்.

வெல்டிங் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கண்ணும் சுத்தியலும் போதும். ஸ்டட்டின் அடியைச் சுற்றி 360 பாகையும் வளையம் முழுமையாக இருக்க வேண்டும். சுத்தியலால் தட்டினால் நல்ல ஸ்டட் கணீரென்று ஒலிக்கும். சரியாகப் பற்றாதது மந்தமாகச் சத்தமிடும். காதை மட்டும் நம்பக் கூடாது, ஆனால் சந்தேகத்தை எழுப்ப அது நல்ல வழி.

அமெரிக்க வெல்டிங் விதிகளின்படி, வேலை தொடங்கும்போது முதல் இரண்டு ஸ்டட்டுகளைச் சுத்தியலால் அடித்துச் சுமார் 30 பாகை வளைத்துப் பார்க்க வேண்டும். அடிப்பகுதியில் விரிசல் இல்லையென்றால் இயந்திர அமைப்பு சரி. வளையம் முழுமையாக இல்லாத ஸ்டட்டை, குறை இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக 15 பாகை அளவு வளைத்துச் சோதிக்கலாம். அப்போது குறையுள்ள பக்கம் இழுவைக்கு உள்ளாகும். தப்பிய ஸ்டட்டை நிமிர்த்த வேண்டாம். வளைந்தபடியே விட்டுவிடலாம், அது தன் வேலையைச் செய்யும். அழகுக்காக நிமிர்த்தும்போதுதான் நல்ல வெல்டிங்கும் கெடுகிறது.

கான்கிரீட் ஊற்றிய பிறகு இந்தச் சோதனைக்கு வழியே இல்லை. ஊற்றுவதற்கு முந்தைய நாள் ஒருவர் சுத்தியலோடு உத்திரம் உத்திரமாக நடந்தே ஆக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன்.

இடைவெளி விதிகள் என்ன?

விசையின் திசையில் குறைந்தது விட்டத்தைப்போல் 5 மடங்கு; 19 மி.மீ.க்கு 95 மி.மீ. குறுக்கே, கெட்டித் தளத்தில் 2.5 மடங்கு, மற்றவற்றில் 4 மடங்கு. அதிகபட்சம் தளத் தடிமனைப்போல் 6 மடங்கு அல்லது 800 மி.மீ., எது சிறியதோ அது. ஃபிளாஞ்சின் ஓரத்திலிருந்து குறைந்தது 20 மி.மீ. உள்ளே. வெப்புக்கு (உத்திரத்தின் நடுவில் உள்ள செங்குத்துத் தட்டு) நேர் மேலே அல்லாத ஸ்டட்டின் விட்டம், ஃபிளாஞ்சின் தடிமனைப்போல் 2.5 மடங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஸ்டட்டுக்கு முன் ஃபிளாஞ்சே கிழியும்.

ஸ்டட் போதுமான அளவு இருந்தால் தளத்தின் கம்பியைக் கவனிக்க வேண்டுமா?

கட்டாயம். ஸ்டட் வரிசை ஒரு கோட்டில் பெரும் விசையைத் தளத்துக்குள் செலுத்துகிறது. அந்த விசை இருபுறமும் பரவிச் செல்லும் வழியில் தளம் உத்திரத்தின் நீளவாக்கில் பிளக்கப் பார்க்கும். உத்திரத்துக்குக் குறுக்கே ஓடும் கம்பிகள் இந்தப் பிளவைத் தைத்துப் பிடிக்கின்றன. ஸ்டட் கணக்கை அழகாக முடித்துவிட்டு இந்தக் குறுக்குக் கம்பியை மறந்த வரைபடங்களைப் பார்த்திருக்கிறேன். விளிம்பு உத்திரங்களில் ஒரு பக்கம் தளம் குறுகி இருப்பதால் ஆபத்து கூடுதல். அங்கே ஸ்டட்டைச் சுற்றி வளைத்த கம்பிகளே தேவைப்படலாம்.

பாலங்களில் ஏன் வேறு அணுகுமுறை?

வாகனங்கள் மீண்டும் மீண்டும் போவதால் வரும் அயர்வு. ஸ்டட் வளைந்து விசையைப் பகிர்ந்துகொள்ளும் என்ற வாதம் இறுதி முறிவுக்குப் பொருந்தும். லட்சக்கணக்கான சிறு சுமைகளின்போது ஸ்டட் மீட்சி நிலையிலேயே இருக்கிறது. எனவே பாலத்தில் இடைவெளியை வெட்டுவிசைக்கேற்ப மாற்றி, தாங்கல் அருகே நெருக்கமாக வைப்பார்கள்.

யூரோகோடின்படி, 20 லட்சம் சுழற்சிகளுக்கு ஸ்டட் தாங்கும் வெட்டுத் தகைவு வீச்சு சதுர மி.மீட்டருக்கு 90 நியூட்டன். தகைவு வீச்சையும் ஆயுளையும் இணைக்கும் கோட்டின் சரிவு 8. இந்த எட்டின் பொருளைச் சற்று நினைத்துப் பாருங்கள்: தகைவு வீச்சு 10 சதவீதம் கூடினால், 1.1-இன் எட்டாம் அடுக்கு 2.14 என்பதால், ஆயுள் பாதிக்கும் கீழே விழுகிறது. கனரக வாகனங்களின் எடையில் சிறு மீறல்கூட ஸ்டட்டின் அடியில் இத்தனை பெரிதாகப் பதிகிறது.

ஸ்டட்டைத் தவிர வேறு இணைப்பான்கள் உண்டா?

உண்டு. சேனல் துண்டுகளைச் சாதாரண வெல்டிங்கிலேயே பொருத்தலாம். பெரிய மின் இணைப்பும் ஸ்டட் துப்பாக்கியும் இல்லாத இடத்தில் இது நல்ல தெரிவு. துளையிட்ட எஃகுப் பட்டையை நீளவாக்கில் வெல்டிங் செய்து, துளைகளுக்குள் கான்கிரீட் புகுந்து முளைபோல் பிடிக்கும் பெர்ஃபோபாண்ட் முறை 1980-களில் லியோன்ஹார்ட் குழுவினரால் வெனிசுவேலாவின் கரோனி ஆற்றுப் பாலத்துக்காக உருவாக்கப்பட்டது. அயர்வுக்கும் விறைப்புக்கும் அது நல்லது. கட்டிபோன்ற முரட்டு எஃகுத் துண்டுகள் இப்போது அரிது. அவை வலிமையானவை, ஆனால் வளைந்து கொடுக்காதவை. முன்பு சொன்ன விசைப் பகிர்வை அவற்றிடம் எதிர்பார்க்க முடியாது.

தொடர் உத்திரங்களில் இடைத் தாங்கலின் மேல் ஸ்டட் வேண்டுமா?

வேண்டும். அங்கே கான்கிரீட் விரிசல் விட்டிருக்கும், ஆனால் அதற்குள் இருக்கும் நீளக் கம்பிகள் இழுவையைச் சுமக்கின்றன. அந்த இழுவையை எஃகு உத்திரத்துக்குச் சேர்ப்பதும் ஸ்டட்டுகள்தான்.

கான்கிரீட் ஊற்றும்போது உத்திரத்துக்கு முட்டு கொடுக்க வேண்டுமா?

முட்டு இல்லாவிட்டால் ஈரக் கான்கிரீட்டின் எடை முழுவதையும் வெறும் எஃகு சுமக்கும். ஸ்டட்டுகள் அந்தச் சுமைக்கு வேலை செய்யாது. முட்டு கொடுத்து, கான்கிரீட் இறுகிய பின் எடுத்தால் கூட்டு உத்திரமே எல்லாவற்றையும் சுமக்கும், தொய்வு குறையும். இறுதி வலிமை இரண்டிலும் ஒன்றே. பெரும்பாலான கட்டடங்களில் வேகத்துக்காக முட்டு இல்லாமல் ஊற்றுகிறார்கள். அப்போது எஃகு உத்திரத்தைச் சற்று மேல்நோக்கி வளைத்தே தயாரிப்பது வழக்கம்.

தீ விபத்தில் ஸ்டட்டுகள் என்னவாகும்?

நல்ல இடத்தில் இருக்கின்றன, கான்கிரீட்டுக்குள். யூரோகோடின் தீ விதிகள், ஃபிளாஞ்சின் வெப்பநிலையில் 80 சதவீதத்தை ஸ்டட்டுக்கும் 40 சதவீதத்தை அதைச் சுற்றிய கான்கிரீட்டுக்கும் எடுத்துக்கொள்ளச் சொல்கின்றன. கீழ் ஃபிளாஞ்சும் வெப்பும்தான் முதலில் வலுவிழக்கும்.

ஏற்கெனவே கட்டிய, ஸ்டட் இல்லாத பழைய உத்திரத்தைக் கூட்டு உத்திரமாக்க முடியுமா?

முடியும். தளத்தில் மேலிருந்து துளையிட்டு, ஃபிளாஞ்சிலும் துளை போட்டு, உயர் வலிமை போல்ட்டுகளைச் செருகி, இடைவெளியைச் சுருங்காத சிமென்ட் கூழால் நிரப்புவார்கள். பழைய எஃகு வெல்டிங்குக்கு ஏற்றதா என்று தெரியாத இடங்களில் போல்ட் பாதுகாப்பான வழி. பகுதி இணைப்பு பெரிதும் உதவுவது இங்கேதான்: தேவையில் பாதி போல்ட்டுகளே வலிமையைக் கணிசமாக உயர்த்திவிடும். துளையிடும் முன் அடிக்கம்பிகள் எங்கே ஓடுகின்றன என்று கருவியால் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். தளம் ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கும் எடை எஃகிலேயே தங்கியிருக்கும் என்பதால், சாதாரணச் சுமையில் எஃகின் தகைவைச் சரிபார்க்கும்போது அதைத் தனியாகக் கூட்ட வேண்டும்; போல்ட்டுகள் சுமப்பது அதன்பின் வரும் சுமையில் எழும் சந்திப்பு விசையை மட்டுமே.